சுத்தமான பரபின்

ஞானேஸ்வரன் மாஸ்டர் ஒரு கடிதத்தை வாசித்து முடித்துச் சட்டைப் பையில் வைத்தால் அது நல்ல கடிதம் இல்லை. முப்பத்தொரு வருஷம் கூட இருந்த மனைவி கமலாம்பிகைக்கு இது தெரியும். நல்ல கடிதங்கள் மேசையிலேயே கிடக்கும். தேத்தண்ணிக் கோப்பையை அவற்றின்மேல் வைத்து வட்டம் வட்டமாகக் கறைகூடப் படிந்துவிடும். அன்று செவ்வாய்க்கிழமை அவர்களுடைய லண்டன் வட்டாரக் கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தை மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார், நாலாக மடித்தார், பையில் வைத்தார். பிறகு, ஏற்கெனவே கொதித்து நின்ற கேத்திலின் பொத்தானை இன்னொரு தரம் அமத்தினார்.

“என்னவாம்?” என்று கமலாம்பிகை கேட்டாள்.

“ஒண்டுமில்லை. உம்மட ஜாமைப் பாக்க ஒரு ஆள் வாறாவாம். வியாழக்கிழமை.”

“ஏன் திடீரெண்டு?”

“எல்லாற்ற வீட்டுக்கும் வாறதுதான். ஒரு வழக்கம்.”

“அதுவரைக்கும் நான் விக்கலாம்தானே?”

மாஸ்டர் சீனிப் பேணியைத் தேடினார். அது அவருடைய கைக்கு முன்னால்தான் இருந்தது.

“வியாழன் மட்டும் பொறுத்திருந்தால் என்ன? அவசரமே?” என்றார்.

அப்படியென்றால் விற்கக்கூடாது என்று கமலாம்பிகை விளங்கிக்கொண்டாள். சமையலறை அலுமாரியில் முப்பத்தெட்டு விளாம்பழ ஜாம் போத்தல்கள் வரிசையாக நின்றன. டிசம்பர் முதல் சனிக்கிழமை சேர்ச் மண்டபத்தில் அடுத்த பஸார். அதற்குப் பிறகு, டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தில்லையம்பலம் தன் கடையில் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அறுபத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல்தரமாகத் தன் பெயர் ஒரு கடைத் தட்டில் நிற்கப்போகிறது என்று அவள் இரண்டு கிழமையாக யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஜாம் வியாபாரம் தொடங்கியது ஆஸ்பத்திரியில்தான். மோர்டனில் ஒரு பள்ளிக்கூடத்தை இருபத்திரண்டு வருஷம் கூட்டித் துடைத்ததில் அவளுடைய விரல் மூட்டுகள் இறுகிப்போயிருந்தன. போன மாசியில் ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்த ஒரு பிள்ளை அவளுடைய கைகளை இளஞ்சூட்டு மெழுகுத் தொட்டிக்குள் தோய்த்துத் தோய்த்து எடுத்தாள். ஐந்து தரம் தோய்த்ததும் கைகளுக்கு வெள்ளை உறை போட்டதுபோல் ஆகிவிட்டது. சூடு எலும்புவரை இறங்கியது. அந்தச் சுகத்தில் கண்ணை மூடியிருந்தபோதுதான், பள்ளியில் மனையியல் படிப்பித்த சிஸ்டர் ஜாம் போத்தலின் வாய்க்கு இதே மெழுகை ஊற்றி மூடக் காட்டித் தந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெழுகு வேண்டும் என்றாள். மாஸ்டர் ஐந்து கிலோ மூட்டையாகவே வரவழைத்துவிட்டார். வெள்ளை வெளேரென்று சவ்வரிசிபோல் மணி மணியாக இருந்த மெழுகு. ஜாமுக்கு எவ்வளவு போய்விடும்? மிச்சத்தைக் கமலாம்பிகை வீடு முழுக்கப் பூசினாள். இழுக்க வராமல் அடம்பிடித்த அலுமாரி லாச்சிக்குக் கீழே தேய்த்தாள். மாஸ்டருடைய குளிர்ச்சட்டை ஸிப்புக்குத் தேய்த்தாள். தடித்த கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்தெடுத்தாள், நூல் முறுக்கவிழாமல் நின்றது. பின்னேரங்களில் கையையும் தோய்த்தாள். அதற்கென்று வேறு சட்டி.

ஜாம் அப்படி இலேசான வேலை இல்லை. விளாம்பழம் இங்கே ஐஸ் கட்டியாக உறைந்த பொதியில்தான் கிடைக்கும். அதை இரவே எடுத்து வெளியில் வைத்து, காலையில் கையால் பிசைந்து, விதையும் நாரும் போக அரிதட்டில் தேய்த்துத் தேய்த்து வடிக்க வேண்டும். சீனி போட்டுக் கிண்டத் தொடங்கினால் முக்கால் மணித்தியாலம் அகப்பையைக் கையிலிருந்து வைக்க ஏலாது. வீடு முழுக்க மணக்கும். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி சன்னலைச் சாத்துவாள். கமலாம்பிகை திறந்து வைப்பாள். மணம்தான் விளாம்பழம், மணமில்லாத விளாம்பழத்தை யார் வாங்கப்போகிறார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

லேபல் மாஸ்டருடைய பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருஷம் இரசாயனம் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்து தபால் பிரிக்கும் இடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றாலும், அந்தத் தெருவில் பாதித் தமிழருடைய இங்கிலீஷ் கடிதங்கள் அவருடைய கையால்தான் போயிருக்கின்றன. வீட்டில் அவருடைய இங்கிலீஷுக்கு மேல் ஒரு பேச்சு இருந்ததில்லை. மெழுகு மூட்டையில் ‘பரபின் வக்ஸ்’ என்று எழுதியிருந்தது. மாஸ்டர் ‘வக்ஸ்’ என்ற சொல்லை வெட்டினார்.

“வக்ஸ் எண்டால் காதுக் குறும்பியும்தான். சாப்பாட்டுச் சாமானில ஆராவது குறும்பியெண்டு எழுதுவினமோ?” என்றார்.

“அப்ப பரபின் எண்டால்?”

“அது மருந்துச் சொல். ஊரில மலச்சிக்கலுக்கு லிக்குயிட் பரபின் எண்டு குடிக்கத் தாறவையெல்லோ. உம்மட கொம்மாவும் குடிச்சவா.”

“மலச்சிக்கல் மருந்தை எழுதலாம், குறும்பியை எழுதேலாதோ?”

மாஸ்டர் சிரிக்கவில்லை. ‘சுத்தமான பரபினால் மூடப்பட்டது’ என்று இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தார். ரெடிங்கில் இருக்கும் மகள் சயந்தினி அதைக் கொம்பியூட்டரில் அடித்து, மேலே ‘கமலாம்பிகை’ என்று தமிழில் பெரிதாகப் போட்டு அனுப்பினாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைதான். ஆனால் பரபின் என்ற சொல் அவளுடைய காலத்துக்கு முன்னமே வழக்கொழிந்துவிட்டது, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை டொலறஸ் வந்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள், யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி. சேர்ச் பஸாரில் கமலாம்பிகைக்கு மேசை எடுத்துக்கொடுத்தவளும் அவள்தான். வழக்கமாக வாசலிலேயே கதையைத் தொடங்குகிறவள், அன்று கதிரையில் இருந்தபிறகும் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

“அக்கா, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. ஜாம் செய்யேக்க மண்ணெண்ணெய் ஏதும் கிட்ட இருந்ததோ?”

“உனக்கென்ன விசரே? லண்டனில மண்ணெண்ணெய்க்கு நான் எங்க போறது?”

“அப்ப அதுதான். நானும் அப்பிடித்தான் சொன்னனான்.” டொலறஸ் பெருமூச்சு விட்டாள். “எங்கட சேர்ச்சில ரேமண்ட் எண்டொரு கிழவர் இருக்கிறார், அக்கா. எண்பத்தாறு வயசு. போன மாசப் பஸாரில உங்களிட்ட ஒரு போத்தல் வாங்கினவர். ரெண்டு நாள் பாணில பூசிச் சாப்பிட்டிருக்கிறார். மூண்டாம் நாள்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபலை வாசிச்சவராம். வாசிச்சுப்போட்டு மணந்து பாத்திருக்கிறார். பரபின் மணமேதானாம். அண்டைக்கே வயித்தால போகத் தொடங்கீற்றுது. அவற்ர மருமகள் கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டா.”

“பரபினுக்கு மணமே இல்லையே. அது மெழுகெல்லோ.”

“அக்கா, இஞ்ச பரபின் எண்டால் மண்ணெண்ணெய். அந்தக் காலத்தில இவை வீடு சூடாக்க ஹீற்றருக்குள்ள ஊத்தினது அதைத்தானாம். எனக்கும் நேற்றுத்தான் தெரியும். நாங்கள் வந்து சேரேக்க அந்த ஹீற்றர் ஒண்டும் இல்லை, எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் ஒரு விரல்கடை மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தவள்தான் கமலாம்பிகை. அந்த மணம் கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. அதைத்தான் ஒரு வயதான மனிதருக்குப் பாணில் பூசக் கொடுத்தாள் என்று ஊருலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் அவளுடைய பெயரைத் தமிழில் பெரிதாகப் போட்டு. வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. டொலறஸ் போகும்வரை அதை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“பரபின் எண்டால் மண்ணெண்ணெயாம்,” என்றாள்.

மாஸ்டர் நின்றார். பிறகு படிப்பிக்கும் குரல் வந்தது. “பரபின் எண்டது ஒரு குடும்பம். அதில வாயுவும் இருக்கு, எண்ணெயும் இருக்கு, மெழுகும் இருக்கு. கார்பன் கூடக்கூட இறுகிக்கொண்டு போகும். அதால நான் எழுதினது...”

“எனக்குப் பாடம் வேண்டாம். எங்கட ஜாமைச் சாப்பிட்டு வயித்தால போன கிழவருக்குப் போய் எடுங்கோ.”

“இரசாயனத்தின்படி அது பிழையில்லை எண்டுதான் சொல்லுறன்.”

“கடிதத்தில என்ன கிடக்கு? முறைப்பாடு எண்டு கிடக்கோ?”

“ஒரு விசாரிப்பு எண்டு கிடக்கு,” என்றார் மாஸ்டர். கை தன்பாட்டில் சட்டைப் பையை மூடியது.

“நாளைக்கு அந்தப் பிள்ளை வந்தால் நீங்கள் கார்பன் கதையொண்டும் கதைக்கக்கூடாது. நான் செய்து காட்டுறன். அவ கேக்கிறதை எனக்குச் சொன்னால் காணும்.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்த கவுன்சில் அதிகாரி சயந்தினியின் வயதுக்காரி. நீலக் கோட்டைக் கழற்றி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குளிர்பெட்டியின் குளிரை அளந்தாள், கை கழுவும் இடத்தைப் பார்த்தாள், வெட்டும் பலகைகளைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் சுத்தமாக்கிச் சம்பளம் வாங்கியவளுடைய சமையலறையில் யார் என்ன பிழை பிடிப்பது? அவள் பிடிக்கவில்லை. தனக்கும் பரபின் என்றால் என்னவென்று தெரியாது என்றும், கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகவும் சொல்லிச் சிரித்தாள். அதைக் கமலாம்பிகைக்கு மாஸ்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கமலாம்பிகை செய்து காட்டினாள். சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு பால்பேணியை வைத்து, பேணிக்குள் மெழுகு மணிகளைப் போட்டாள். நேரே நெருப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும் என்பதைக் கையாலேயே விளங்கப்படுத்தினாள். மணிகள் ஓரத்திலிருந்து கரைந்து தண்ணீர்போல் ஆயின. அதை ஜாமின்மேல் மெல்ல வார்த்து, போத்தலைச் சரித்துச் சுற்றிவரக் கண்ணாடியில் பிடிக்கச் செய்தாள். தெளிவாக இருந்த மெழுகு விளிம்பில் முதலில் வெளுத்து, நடுவை நோக்கி வெளுத்துக்கொண்டு போனது. பேணியை அதிகாரியிடம் நீட்டினாள். அவள் மணந்து பார்த்துவிட்டு, ஒரு மணமும் இல்லை என்று தலையாட்டினாள். கமலாம்பிகைக்கு இரண்டு நாளாகப் பிடித்திருந்த மூச்சு வந்தது.

பிறகு அதிகாரி அலுமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். செய்து ஆறு கிழமை ஆனது. கத்தி முனையால் தொட்டதும் மெழுகு வட்டம் ஒட்டாமல் கிளம்பி வந்தது. அதன் கீழே, கண்ணாடியை ஒட்டிச் சுற்றிவரப் பச்சைப் பூஞ்சணம். இரண்டாவது போத்தல் நன்றாக இருந்தது. மூன்றாவதிலும் பூஞ்சணம்.

பின்பு அதிகாரி தாழ்ந்த குரலில் நீளமாகச் சொன்னாள். மெழுகு ஆறும்போது சுருங்கும். கண்ணாடிக்கும் அதற்கும் இடையில் காற்றுப் போகும். இது பாதுகாப்பில்லை, விற்க விட ஏலாது. ஒருவருக்கு வயிற்று வருத்தம் வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் எறிய வேண்டும். கமலாம்பிகைக்கு முழுக்க விளங்கவில்லை. ஆனால் பாதுகாப்பில்லை என்பதையும் எறிவது என்பதையும் அவள் பள்ளிக்கூடத்து ஈரத் தரையில் நின்று ஆயிரம் தரம் கேட்டவள்.

மாஸ்டர் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

“மெழுகும் வடிவாத்தான் இருக்காம். மூடி போட்டால் இன்னும் நல்லதாம். இதுகள் பழசெண்டபடியால் விக்காமல் வீட்டுப் பாவனைக்கு வைக்கட்டாம்,” என்றார்.

கமலாம்பிகை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. நவம்பர் மாதத்தில் வியர்க்கிற மனிதர் அல்ல அவர். அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எத்தனையோ அலுவலகங்களும் ஆஸ்பத்திரிக் கதிரைகளும் நினைவுக்கு வந்தன. அங்கெல்லாம் வெள்ளைக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னது, இவருடைய வாய்வழியாக அவளிடம் வந்து சேரும்போது நல்ல வார்த்தையாகத்தான் வந்திருக்கிறது. இந்த நாடு தன்னோடு எப்போதும் மரியாதையாகவே பேசுகிறது என்று அவள் முப்பத்தொரு வருஷம் நம்பியிருந்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு நெஞ்சு கனத்தது.

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பி, தன்னுடைய இங்கிலீஷில், “நான் எறியிறன். எல்லாம். முப்பத்தெட்டும்,” என்றாள்.

அதிகாரிக்கு அதன் பிறகு பேச்சு இலேசாகிவிட்டது. புதிய மூடிகள் வாங்கி, கொதிக்கக் கொதிக்க ஜாமை நிறைத்து மூடட்டும். லேபலை மாற்றட்டும். இரண்டு கிழமையில் வந்து பார்த்துச் சரியென்றால் பஸாருக்கும் கொண்டுபோகலாம், கடைக்கும் கொடுக்கலாம். போகும்போது, அந்த லேபலை எழுதியது யார் என்று கேட்டாள். நான்தான் என்று மாஸ்டர் சொன்னார். அதற்கு மேலே சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு பேருமாகப் போத்தல்களைக் காலி செய்தார்கள். அவள் மெழுகைக் கிளப்பினாள், அவர் கரண்டியால் வழித்துக் குப்பைப் பைக்குள் போட்டார். ஆறு கிழமை வேலை.

“அந்தப் பிள்ளை சொன்னதை ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?” என்று அவள் கேட்டாள்.

“எதை?”

“எனக்கு விளங்கினது.”

மாஸ்டர் இன்னொரு போத்தலை எடுத்தார். “முழுக்கச் சொன்னால் நீர் ரெண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டீர். பிறகு நானும் பட்டினி கிடக்கோணும்.”

“பள்ளிக்கூடத்தால என்னை நிப்பாட்டின கடிதம்? கை நோவை யோசிச்சு ஓய்வு தருகினம் எண்டு சொன்னனீங்கள். அதில என்ன கிடந்தது?”

கரண்டி நின்றது. “அதெல்லாம் இப்ப என்னத்துக்கு?”

“சொல்லுங்கோ.”

“வேலை மெத்த மெதுவாம், வகுப்புகள் துப்பரவில்லையாம், மற்றவை முறையிடுகினமாம் எண்டு.”

கடைசி வருஷம் இரண்டு கையாலும் வாளியைத் தூக்க ஏலாமல் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. கண் கலங்கியது.

“உண்மையைத்தானே எழுதியிருக்கினம்,” என்றாள் கடைசியில். “நானெண்டால் அதுக்கு முதலே விட்டிருப்பன், தெரிஞ்சிருந்தால். இனிமேல் ஆர் என்ன சொன்னாலும் எனக்கு அப்பிடியே சொல்லுங்கோ.”

மாஸ்டர் அடுத்த போத்தலை எடுத்து வழிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் ரேமண்டுடைய வீட்டுக்குப் போனார்கள். போகவேண்டும் என்று சொன்னது கமலாம்பிகை. டொலறஸ் முதலே சொல்லிவைத்திருந்ததால் கிழவர் சவரம் செய்து காத்திருந்தார். நெடுத்த, மெலிந்த மனிதர். தேத்தண்ணி தானே போட்டுக்கொண்டு வந்தார், கோப்பைகள் தட்டில் ஆடின. மாஸ்டர் வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். ‘வக்ஸ்’ என்று எழுதவேண்டிய இடத்தில் தன்னால் பிழையாகிவிட்டது என்றும், மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னார். மாஸ்டர் எந்தப் பாஷையிலும் தன் பிழை என்று சொல்லிக் கமலாம்பிகை கேட்டதில்லை. அவளும் பூஞ்சணத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னாள். ஒரு மெழுகு வட்டத்தைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள், அதைக் கிழவரின் கையில் கொடுத்தாள்.

ரேமண்ட் அதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் தச்சு வேலை செய்தவர். லாச்சிகளுக்கும் திருகாணிகளுக்கும் வாழ்நாள் முழுக்க இதைத்தானே தேய்த்தேன் என்றார். மெழுகு என்று எழுதியிருந்தால் ஒன்றும் யோசித்திருக்கமாட்டேன் என்றார்.

அவ்வளவோடு எழும்பி வந்திருக்கலாம். கமலாம்பிகைதான் கேட்டாள்.

“மணம்?” என்றாள் இங்கிலீஷில். “மெழுகு மணம் இல்லை. நீங்கள் பரபின் மணம் எண்டு சொன்னது, எது?”

கிழவர் மாஸ்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வேகமாக, பழைய லண்டன் வாயால், சொற்களை விழுங்கி விழுங்கிச் சொன்னார். நடுவில் ஒருதரம் மூக்கைப் பிடித்தார், ஒருதரம் அவளை நோக்கிக் கையை விரித்தார். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் மாஸ்டரின் பக்கம் திரும்பினாள்.

மாஸ்டர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ ஒரு நல்ல சொல்லைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பொறுத்திருந்தாள். கடைசியில் அவர் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“மணம் ஜாமிலதானாம். விளாம்பழ மணம்தான் அவருக்கு மண்ணெண்ணெய் மாதிரி இருந்திருக்கு. முதல் நாளே பிடிக்கேல்லையாம். நீர் அந்தக் குளிர் மண்டபத்தில ஒருத்தரும் வாங்காமல் தனிய நிண்டனீராம், பாவமெண்டு வாங்கினவராம். காசு குடுத்ததை எறியக்கூடாதெண்டு சாப்பிட்டவராம்.” அவர் நிறுத்தினார். “அவ்வளவுதான். நான் ஒண்டும் கூட்டேல்லை, குறைக்கேல்லை.”

கமலாம்பிகைக்கு முகம் சுட்டது. பாவமென்று வாங்கியிருக்கிறார். தன்னுடைய பெயர் போட்ட ஜாமை. அவள் தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். அது ஆறியிருந்தது, சீனியும் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் சொன்னது முழுசாகத் தன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, முப்பத்தொரு வருஷத்தில் முதல்தரமாக. அது நோவுதான். அந்த நோவு அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கிழவரைப் பார்த்து, “அப்ப உங்களுக்கு என்ன ஜாம் விருப்பம்?” என்று கேட்டாள்.

ரேமண்ட் யோசிக்கவேயில்லை. “ஒரேஞ்ச் மாமலேட்,” என்றார். “கசப்புக் கூடினதாய்.”

மாஸ்டர் அவளுக்குச் சொல்லுவதற்கு வாயைத் திறந்தார். கமலாம்பிகை கையை உயர்த்தினாள்.

“அது எனக்கு விளங்கினது,” என்றாள்.